நீர்த்தேக்கக் கரையில் ஒரு நாள்: இலங்கை மலையகத்தில் சொந்தபந்தங்களோடு கூடுவதற்கு முழுமையான வழிகாட்டி

எங்களுடையது நாலு திசைக்கும் சிதறிய குடும்பம். அப்பாயியும் (அப்பாவின் அம்மா) பெரியப்பாவும் இன்னும் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார்கள். சித்தி குடும்பம் வத்தளையில். அத்தை கல்யாணமாகி வவுனியா போய்விட்டார். அப்பாயியின் அக்கா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் பதிந்து தலைமன்னாரில் கப்பலேறியவர். அவருடைய பிள்ளைகள் கோத்தகிரியில். சில வருடங்களாக, வருடத்துக்கு ஒரு நாள், ஹற்றன் பக்கம் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து எல்லோரும் கூடுகிறோம். போன முறை 22 பேர். ஆறு மாதக் குழந்தை முதல் 83 வயது அப்பாயி வரை.

முதல் வருடம் பங்களா வாசலில் வேன் நின்றதும் அப்பாயி முன்படியில் ஏறவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுவரோரமாக நடந்து பின்பக்கம் போய், குசினி (சமையலறை) வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குமரியாக இருந்தபோது ஒரு துரை பங்களாவில் துணி துவைக்கப் போனவர் அவர். முன்வாசல் வழியாக அவர் எந்தப் பங்களாவுக்குள்ளும் போனதில்லை. அன்று முழுக்கப் பெண்கள் எல்லோரும் அந்தக் குசினியிலேயே நின்றார்கள். பொழுது சாய்ந்து வேனில் ஏறும்போது சித்தி கேட்டார்: "டேம் பக்கம் ஒருக்காக் கூடப் போகலியே, தண்ணி எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்த ஒரு நாளையே வேறு மாதிரி அமைத்தோம். வருடம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் பெண்கள் அன்றைக்கு உட்கார வேண்டும். தண்ணீரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எந்த மாதம்?

மலையகத்தில் கோடை என்றால் வெளியூர்க்காரர்கள் நினைக்கும் கோடை அல்ல. ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெயில் எரிக்கும் ஏப்ரலிலும் இரவுக்குக் கம்பளி வேண்டும். பார்க்க வேண்டியது சூட்டை அல்ல, மழையை.

ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரை விடாது. ஓகஸ்ட் விடுமுறையில்தான் கூட முடியும் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். அந்த மாதங்களில் மலையின் மறுபுறம், பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே ஒரு இடம் பாருங்கள்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரைகளுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊர் திரும்புவதால் நாங்கள் ஏப்ரலைப் பிடித்துக்கொண்டோம். ஏப்ரலுக்கு ஒரு குணம் உண்டு: காலை கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி முழங்கி மழை கொட்டும். அதனால் கரையில் இருப்பது காலையில், வீட்டுக்குள் இருப்பது பிற்பகலில். இந்த ஒழுங்கை மாற்றவே வேண்டாம்.

இன்னொன்று, சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை, சனி ஞாயிறிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் ஹற்றனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் வீதி நிரம்பி வழியும். அந்த நாட்களில் வருபவர்கள் விடியுமுன் ஹற்றனைத் தாண்டிவிட வேண்டும்.

தேதியைத் தோட்டத்திலிருந்து தொடங்கிக் குறியுங்கள்

கொழும்பில் வேலை செய்பவருக்கு லீவு போடலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும். ஆகவே தேதியைக் கொழும்பிலிருந்து முடிவு செய்து மேலே அறிவிக்காதீர்கள். தோட்டத்தில் வேலை இல்லாத ஞாயிறு எது, கோயில் திருவிழா எப்போது, யார் விரதம், எந்த வீட்டில் துக்கம் என்று பெரியம்மாவிடம் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். சித்திரையில் பல தோட்டங்களில் தேர் வரும். காப்புக் கட்டிய பிறகு இறைச்சி சாப்பிட மாட்டார்கள், ஊரை விட்டு வெளியே தங்கவும் மாட்டார்கள்.

போயா நாளாக அமைந்தால் முதல் நாளே கறிக்கோழி வாங்கி வையுங்கள். அன்றைக்கு இறைச்சிக் கடை திறக்காது.

இடம் பார்ப்பது

படம் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். எங்களுக்கு ஒரு முறை, "கரையோரம்" என்று சொல்லித் தந்த இடத்திலிருந்து தண்ணீருக்கு இறங்க 140 படி இருந்தது. முப்பது நாற்பது வருடம் மலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கிய முழங்கால்கள் அவை. பெரியம்மா பத்தாவது படியிலேயே நின்றுவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் பார்த்து வர வேண்டியவை இவை. வேன் நிற்கும் இடத்திலிருந்து முன்வாசலுக்கு எத்தனை படி. தண்ணீர் தெரியும்படி ஒரு விறாந்தை இருக்கிறதா, அதில் கைப்பிடி உள்ள நாற்காலிகள் எத்தனை போடலாம். கழிப்பறையில் இருந்து எழும்பக்கூடிய கொமட் உண்டா. குந்தும் கழிப்பறை மட்டும் என்றால் அந்த இடம் வேண்டாம். வெந்நீர் வருமா. வளவில் உள்ள மரங்களில் குளவிக் கூடு தொங்குகிறதா. இந்தக் கடைசிக் கேள்வியைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்காமல் விட மாட்டார்கள். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி உயிரே போயிருக்கிறது. கூடு இருக்கும் மரத்தடியில் அடுப்பு மூட்டினால் புகைக்குக் கலைந்து இறங்கும்.

கோக்கியோடு (சமையல்காரரோடு) சேர்த்தே வாடகைக்கு விடும் பங்களாக்கள் நிறைய உண்டு. கொஞ்சம் கூடக் கேட்டாலும் அப்படியான இடத்தையே எடுங்கள். குசினியிலிருந்து பெண்களை வெளியே எடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோக்கியும் பெரும்பாலும் பக்கத்து லயத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பிடும்போது அவருக்கும் ஒரு இலை போடுங்கள், கிளம்பும்போது கையில் தனியாகக் காசு கொடுங்கள்.

பணம்

தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் தோட்டத்துக் குடும்பம் ஏதாவது காரணம் சொல்லி வராமல் நின்றுவிடும். கூச்சம் காரணமாக இருக்கும், ஆனால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நாங்கள் பிரிப்பது இப்படி: பங்களா வாடகையும் வேன் கூலியும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் பொறுப்பு. தோட்டத்துக்காரர்கள் ரொட்டி, சம்பல், மரக்கறி, தேயிலைத் தூள் கொண்டு வருவார்கள். வவுனியா அத்தை கருவாடும் நல்லெண்ணெயும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஒரே ஒருவரின் கொப்பியில் மட்டும் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை.

வேனும் வளைவுகளும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றன் வரும் பாதையில் கித்துல்கலைக்கு மேலே வளைவு வளைவாகத்தான் இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தேசிக்காய், சில பொலித்தீன் பைகள், ஒரு போத்தல் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ரயிலில் வருபவர்கள் ஹற்றனில் இறங்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து தண்டவாளம் மூடுவது மலைநாட்டுப் பாதையில் நடப்பதுதான். முதல் நாள் நிலையத்துக்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வீட்டாரை அழைத்து வர தனி வண்டி அனுப்புங்கள். "பஸ் பிடித்து வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். லயத்து வாசலில் இருந்து பிரதான வீதிக்கு வரவே சிலருக்கு ஒரு மணி நேரம் நடை.

சாப்பாடு: முதல் நாளே முக்கால்வாசி

பங்களாவில் சமைப்பதைக் குறைக்கக் குறைக்க நாள் நீளும். காலைக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கோதுமை மா ரொட்டியை விடியற்காலையில் சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தால் ஒன்பது மணிக்கும் மென்மையாக இருக்கும். பத்தரைக்கு அவித்த கடலை, தேத்தண்ணி. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பத்தரை மணிச் சாப்பாடு தவறக் கூடாது. மதியச் சோறு எப்போதும் தாமதமாகும்.

மதியத்துக்குச் சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, கரட் சம்பல், லீக்ஸ் பொரியல், அப்பளம். அதற்கு மேல் வேண்டாம். தலைக்கு 125 கிராம் அரிசி கணக்கில் 22 பேருக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் மூன்றாகவே போடுவோம். கோழி நாலு கிலோ. குழம்புக்கான மசாலாக் கூட்டை முதல் நாள் இரவே அரைத்து, கோழியில் பிரட்டி, குளிர்பெட்டியில் கொண்டு வருகிறோம்.

கீழ்நாட்டிலிருந்து வந்து சமைப்பவர்கள் மறப்பது ஒன்று. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பது போல் தெரியும், வேகாது. பருப்பை ஊற வையுங்கள், கடலைக்கு பிரஷர் குக்கர் கட்டாயம், சோற்றுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள்.

வேலைப் பங்கீட்டை எழுதி குசினிக் கதவில் ஒட்டிவிடுகிறோம். பரிமாறுவது மாமாக்கள். சட்டி பானை கழுவுவது கல்யாணமாகாத பையன்கள். தேத்தண்ணி ஊற்றுவது பெரியப்பா. அவருடைய சாயத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போடும் கை யாருக்கும் வராது. இதைத் தொடங்கிய வருடம் முணுமுணுப்பு இருந்தது, பெண்களிடமிருந்தே. "ஆம்பளைங்க சட்டி கழுவி எப்படிச் சுத்தமாகும்" என்று பெரியம்மா இரண்டு முறை எழும்பிப் போனார். இரண்டு முறையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தோம்.

பங்களாவுக்கு வந்து சேர்ந்ததும்

சாமான் இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவரின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போங்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் இதற்கென்றே முதலில் இறங்க வேண்டும். இரண்டாம் வருடம் அப்பாயி மறுபடியும் சுவரோரம் திரும்பினார். என் தம்பி மகள், அப்போது ஐந்து வயது, விரலைப் பிடித்து இழுத்து, "பாட்டி, வாசல் இங்க இருக்கு" என்றாள். அப்பாயி செருப்பைப் படியிலேயே கழற்றினார். விறாந்தையில் நடு நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டு வைத்திருந்தோம். நெடுநேரம் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் முதுகைச் சாய்த்தார்.

அந்த நாற்காலியைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். கம்பளி, மருந்துப் பை, தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஈரம், வயர், பாய்ச் சுருள் எதுவும் கிடக்கக் கூடாது. இன்சுலின் கொண்டு வந்தவர்கள் அதை ஐஸ் கட்டியில் நேராகப் படும்படி வைக்க வேண்டாம், உறைந்தால் கெட்டுவிடும்.

பிள்ளைகளுக்குத் தொப்பி போடுங்கள். குளிர்காற்று வீசுவதால் வெயில் உறைக்காது, ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். மாலையில்தான் மூக்கும் தோளும் சிவந்து எரிவது தெரியும்.

தண்ணீர்

இதில் மட்டும் யார் மனம் நொந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காசல்ரீ குளமோ ஏரியோ அல்ல. கெஹெல்கமு ஓயாவை மறித்து மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். அடியில் இருப்பது மலைச் சரிவு. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆழம் சட்டென்று இறங்கும். ஏப்ரலில் நீர்மட்டம் இறங்கிக் கரை அகலமாகத் தெரியும்போது ஆபத்து கூடுகிறது. வெடித்துக் காய்ந்த மண் தரை போல இருக்கும், அடியில் சேறு. மூன்றாம் வருடம் மச்சான் மகன் பந்துக்குப் பின்னால் ஓடி இடுப்பு வரை புதைந்தான். பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து இழுத்தோம். ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது.

நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. பீலியில் (தண்ணீர் கொட்டும் குழாயில்) குளித்து வளர்ந்தவர்கள் நாம். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கத் தெரிந்ததை நீச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே எங்கள் சட்டம்: கால் நனைக்கலாம், முழங்காலுக்கு மேல் இல்லை. அதுவும் பங்களாக்காரரும் அக்கம்பக்கத்தாரும் கல்தரை என்று காட்டிய இடத்தில் மட்டும். ஒருவர் கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். கையில் போன் இல்லாமல், பேச்சுக் கொடுக்காமல், அரை மணிக்கு ஒருவராக மாறுவோம். பக்கத்தில் நீளக் கயிறும், மூடி இறுக்கிய இரண்டு வெறும் தண்ணீர் கேனும் இருக்கும். யாராவது தத்தளித்தால் அவற்றை வீச வேண்டும், குதிக்கக் கூடாது. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன வீடுகள் மலையகத்தில் இருக்கின்றன. தூக்கியவருக்கு மூச்சு இல்லை என்றால் தலைகீழாகப் பிடிப்பதோ வயிற்றை அமுக்குவதோ உதவாது. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் இலவசம். பங்களாவுக்கு வரும் வழியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்தால் பதற்றத்தில் தடுமாறாது.

படகில் போவதென்றால் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், கொக்கி மாட்டியபடி. குழந்தை அளவு இல்லை என்றால் குழந்தை போகாது. அணைக்குக் கீழே ஆற்றில் குளிக்கவே வேண்டாம். மேலே கதவு திறந்தால் வெயில் அடிக்கும் நேரத்திலும் வெள்ளம் வரும்.

அப்புறம், குடி. கரையோர நாளில் சாராயம் வேண்டாம். தண்ணீருக்குப் போய் வந்த பிறகு என்று சொல்வதும் வேலைக்காகாது, அது யார் கணக்கிலும் நிற்காது. எங்கள் வீட்டில் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பெரியப்பாவே எழுந்து சொல்லிவிட்டார், அதன்பின் யாரும் கேட்கவில்லை.

சரி, பெரியவர்கள் தண்ணீரைத் தொடுவது எப்படி? நாற்காலியோடு தூக்கிப் போங்கள். நாலு பையன்கள் இருந்தால் போதும். அப்பாயி வேண்டாம் வேண்டாம் என்றபடியே போனார். கால் விரல் நனையும் இடத்தில் நாற்காலியை வைத்தோம். சித்தியும் பெரியம்மாவும் இரண்டு பக்கமும் கல்லில் உட்கார்ந்தார்கள். மூவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். யாரும் அவர்களை எதற்கும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டரைக்குச் சோறு

மழைக்கு முன்னால் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். முதல் பந்தியில் பெண்களும் பெரியவர்களும் பிள்ளைகளும். ஆண்கள் பரிமாறிவிட்டு இரண்டாம் பந்தி. கோழித் தொடையை யாருக்கு வைப்பது என்பதை அன்றைக்கு மட்டும் பெண்கள் முடிவு செய்யட்டும்.

இடி கேட்டால்

முதல் இடிச் சத்தம் கேட்டவுடன் எல்லோரும் உள்ளே. தனித்து நிற்கும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி போன பிறகுதான் வெளியே வரலாம்.

மழை அடைத்த அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். சீட்டுக்கட்டும் தாயக்கட்டையும் கொண்டு போங்கள். பிள்ளைகளின் போன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டு, பெரியவர்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் வாய் திறக்காது. "முதன்முதலா கொழுந்துக்குப் போன அன்னிக்கு என்ன உடுத்தியிருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாயி அன்றைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணியைப் பற்றித் தொடங்கி, அதைத் தைத்துக் கொடுத்த அக்காவிடம் வந்து, அந்த அக்காவைக் கப்பலேற்றிவிட்ட நாளில் நிறுத்தினார். கோத்தகிரியிலிருந்து வந்திருந்த அந்த அக்காவின் மகன் அந்தப் பயணத்தை மறுகரையிலிருந்து தொடர்ந்தார். அது நடந்தபோது தன் தாய்க்கு என்ன வயது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. யாராவது ஒருவர் ஒலிப்பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

மழை நேரத்தோடு விட்டால், மஸ்கெலியாப் பக்கம் பிறந்தவர்கள் கூட இருந்தால், மவுஸ்ஸாக்கலைக்கு ஒரு சுற்றுப் போய் வரலாம். அந்த நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா டவுனின் மேல் நிற்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரியும், பள்ளிவாசலும் பன்சலையும் (பௌத்த விகாரையும்) கூட. சேற்றைக் கடந்து கிட்டப் போகாதீர்கள். வீதியில் நின்று பார்த்தாலே, கடைத்தெரு எந்தப் பக்கம் இருந்தது என்று பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். போகாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. அலுத்துப் போனவர்களை வண்டியில் ஏற்ற வேண்டாம்.

கிளம்புவது

நாலரைக்குக் கிளம்பிவிடுங்கள். மழைக்குப் பின் மூடுபனி இறங்கினால் வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரியாது. இருட்டினால் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் என்பது தோட்டத்தாருக்குப் புதிதல்ல. லயத்துக்கு நடந்து ஏறுபவர்களை வாசல் வரை வண்டியிலேயே விடுங்கள். புல்லில் நடந்தவர்கள் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா பார்த்துக்கொள்ளட்டும். உப்போ சவர்க்காரமோ தேய்த்தால் விழுந்துவிடும். மிஞ்சிய சோறும் கறியும் தோட்டத்துக்குப் போகும் வண்டியில் ஏறட்டும், கேட்காமலே. கரையில் ஒரு பொலித்தீன் கூடக் கிடக்கக் கூடாது.

கிளம்பும் முன் முன்படியில் எல்லோரும் நின்று ஒரு படம். மூத்தவர் நடுவில், நாற்காலியில். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதோடு விடாதீர்கள். அப்பாயியிடம் இருப்பது பொத்தான் அமுக்கும் போன். ஹற்றன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, ஒரு மாதத்துக்குள் லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களுடையது காம்பராவில் (லயத்து அறையில்) முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற எவரிடமும் அப்பாயி அதைக் காட்டி, தான் உட்கார்ந்திருக்கும் படிக்கு மேலே விரலை வைத்து, "இது முன்வாசல்" என்கிறார்.